தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம்

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயம் தமிழ்நாட்டின் தூத்துக்குடி நகரில், கடற்கரையை அடுத்து அமைந்துள்ள கத்தோலிக்கத் திருத்தலமாகும். இயேசு சபையைச் சேர்ந்த பங்குத்தந்தை விஜிலியுசு மான்சி அடிகளார் 1712 ஏப்ரல் 4 அன்று இதற்கு அடிக்கல் நாட்டினார். 1713 ஆகஸ்ட் 5 அன்று ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. முத்துக்குளித்துறை எனப்படும் கடற்கரையின் பரதவ மக்களுக்கு இதுவே தாய்க் கோவிலாகக் கருதப்படுகிறது. 1982 சூலை 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதனைப் பேராலய (பசிலிக்கா) நிலைக்கு உயர்த்தினார்.

இவ்வாலயம் கட்டப்பட்ட காலத்தில் தூத்துக்குடி, கத்தோலிக்க சமயத்தை எதிர்த்த கால்வினியச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒல்லாந்தரின் பிடியில் இருந்தது. தமக்கு மாறான சமயத்தாரின் துறைமுகத்தில், அவர்களது கோட்டைக்கும் பண்டகசாலைக்கும் அருகிலேயே ஓர் இயேசு சபைக் குரு மரியன்னைக்குப் பெரும் கோவில் எழுப்ப முடிந்தது எவ்வாறு என்பதே இவ்வாலய வரலாற்றின் முக்கியக் கேள்வியாகும்.

பெயர்க் காரணம்

மரியன்னைக்குப் "பனி" என்னும் அடைமொழி உரோமை நகரிலிருந்து வந்தது. நான்காம் நூற்றாண்டில், திருத்தந்தை லிபேரியுசின் காலத்தில், கோடை வெயில் கடுமையாக இருக்கும் ஆகஸ்ட் 5 அன்று உரோமையின் எசுக்குலின் குன்றின் மேல் பனி பெய்தது என்றும், பனி மூடியிருந்த இடத்தில் மரியன்னைக்குக் கோவில் எழுப்பப்பட்டது என்றும் ஒரு தொன்மக் கதை வழங்குகிறது. அங்குள்ள புனித மரியா பெருங்கோவில் ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் சிக்சுதுசின் காலத்தில் கட்டப்பட்டதாகும். அதன் நேர்ந்தளிப்பு நாளான ஆகஸ்ட் 5 பனிமய அன்னையின் திருநாளாக உலகெங்கும் கொண்டாடப்படுகிறது.

போர்த்துக்கேய மொழியில் இவ்வன்னை "நொச சென்யோரா தாஸ் நெவிஸ்", அதாவது "பனிகளின் எம் அன்னை" என அழைக்கப்படுகிறார். இதன் ஒலிவடிவமே தூத்துக்குடி மக்களின் நாவில் "தஸ்நேவிஸ் மாதா" என்று ஆயிற்று. மக்கள் இதனைக் குழந்தைகளுக்குப் பெயராகவும் சூட்டுகின்றனர். "பனிமய மாதா" என்பது பின்னர் வழக்கிற்கு வந்த தமிழாக்கம் ஆகும். இன்று இரு பெயர்களும் அருகருகே வழங்குகின்றன. உப்பளங்கள் நிறைந்த, பனியே அறியாத வெப்பக் கடற்கரையில் பனியின் பெயரால் அன்னை வணங்கப்படுவது இத்திருத்தலத்தின் தனித்தன்மைகளுள் ஒன்று.

பின்னணி

முத்துக்குளித்துறையும் பரதவரும்

வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு முதலிய ஊர்களைக் கொண்ட கடற்கரை முத்துக்குளித்துறை எனப்பட்டது. மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச் சிப்பிகள் படர்ந்துள்ள திட்டுகள் "பார்" எனவும், அவற்றில் குறித்த காலத்தில் நடைபெறும் முத்துக்குளிப்பு "சலாபம்" எனவும் அழைக்கப்பட்டன. கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டியே சலாபம் நடைபெறும். குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு அடிக்குச் சென்று, மூச்சடக்கி, கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். தோணியில் கயிறு பிடித்து நிற்பவர் அவரை மேலே தூக்குவார். சுறாக்களின் வாயைக் கட்டும் ஆற்றல் உடையவராக நம்பப்பட்ட "கடல்கட்டி" என்பவரும் உடன் இருப்பார். அவர் இல்லாமல் குளிப்பவர் கடலில் இறங்கத் தயங்கினர்.

இத்தொழிலில் பரதவர் முதன்மை பெற்றிருந்தனர். ஊர்தோறும் பட்டங்கட்டிகள் என்னும் தலைவர்கள் இருந்தனர். அவர்கள் அனைவருக்கும் மேலாகத் தூத்துக்குடியில் சாதித்தலைவர் இருந்தார். அவர் "பாண்டியபதி" என்னும் பட்டப்பெயராலும் அழைக்கப்பட்டார்.

கிறித்தவம் தழுவுதல்

பதினாறாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் முத்துக்குளிப்பு உரிமை குறித்துப் பரதவருக்கும் கடல் வணிகத்தில் ஈடுபட்ட பிறருக்கும் இடையே மோதல் மூண்டது. 1535 அளவில் பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடினர். சுவான் த குரூசு என்னும் கிறித்தவக் குதிரை வணிகர் இதற்கு வழிகாட்டினார். தலைவர்கள் முதலிலும், தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 மக்களும் திருமுழுக்குப் பெற்றனர்.

எனினும் சமயக் கல்வி அளிக்க அப்போது போதிய குருக்கள் இல்லை. 1542 அக்டோபரில் இயேசு சபையின் பிரான்சிசு சவேரியார் இக்கடற்கரைக்கு வந்த பின்னரே அது தொடங்கியது. அவரைத் தொடர்ந்து வந்த என்றீக்கே என்றீக்கசு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்னும் நூலை உருவாக்கினார். இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூலாக இது கருதப்படுகிறது. 1600-இல் இறந்த அவர் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

முற்காலக் கோவில்கள்

தூத்துக்குடியின் முதல் சிற்றாலயம் புனித இராயப்பர் (பேதுரு) பெயரால் அமைந்ததாகும். பின்னர் இயேசு சபையினர் இரக்கத்தின் மாதா பெயரில் ஒரு கோவில் எழுப்பினர். அது 1582 ஆகஸ்ட் 5 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. பனிமய மாதாவின் ஆண்டுப் பெருவிழா இன்றும் அந்த ஆண்டிலிருந்தே எண்ணப்படுகிறது.

இக்கோவிலின் வாழ்வு அமைதியாக இருக்கவில்லை. 1603-ஆம் ஆண்டளவில் கயத்தாற்றிலிருந்து ஆண்ட நாயக்கத் தலைவரின் படை தூத்துக்குடியைத் தாக்கிக் கோவிலையும் குருக்களின் இல்லத்தையும் சூறையாடியது. பரதவர் குருக்களுடன் அருகிலுள்ள முயல்தீவிற்குக் குடிபெயர்ந்து, 1610 வரை அங்கேயே வாழ்ந்தனர். கரையை விட்டுத் தீவுக்குச் சென்றவர்கள் இல்லாமல் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் நடவா என்பதால், அவர்களைத் திரும்ப வரச்செய்வது ஆட்சியாளர்களுக்கும் தேவையாயிற்று. தொழிலாளர் இடம் பெயர்வதே அவர்களது வலிமையான ஆயுதம் என்பதை இந்நிகழ்வு காட்டியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஒல்லாந்தர் காலத்திலும் இதே உண்மை வேறு வடிவில் வெளிப்பட்டது.

மாதா சுரூபம்

பேராலயத்தின் பீடத்தில் உள்ள மரத்தாலான மாதா சுரூபம் 1555-இல் சாந்தா எலேனா என்னும் கப்பலில் மணிலாவிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தது என்பது ஆலய மரபு. சவேரியாரின் வேண்டுகோளை ஏற்று அங்குள்ள அகுசுதீனியக் கன்னியர் இதனை வழங்கினர் என்றும் அம்மரபு கூறுகிறது. இதனை அப்படியே வரலாறாகக் கொள்வதில் இடர்ப்பாடு உள்ளது. இசுபானியர் பிலிப்பீன் தீவுகளில் நிலையாகக் குடியேறியது 1565-இல்தான். மணிலா இசுபானிய நகரமாக நிறுவப்பட்டது 1571-இல் ஆகும். எனவே மரபு கூறும் ஆண்டும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆயினும் மணிலாவுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே பின்னாளில் இத்தகைய தொடர்பு இருந்தது. வீரமாமுனிவர் தாம் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவிலுக்கு மணிலாவில் சுரூபம் செய்வித்தார் என்னும் செய்தி இதற்கு எடுத்துக்காட்டாகும்.

ஒல்லாந்தர் ஆட்சி

1658-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி தூத்துக்குடியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அதே ஆண்டில் யாழ்ப்பாணமும் மன்னாரும் அதன் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். கோவில்கள் கும்பனியின் கைக்குச் சென்றன. மாதா சுரூபம் ஊருக்கு வெளியே கொண்டு செல்லப்பட்டு, பல ஆண்டுகள் அங்கேயே பாதுகாக்கப்பட்டது என்பது ஆலய மரபு.

பரதவரைத் தம் சபைக்கு மாற்றக் கும்பனி முயன்றது. பிலிப்பு பால்டேயசு என்னும் ஒல்லாந்தப் போதகர் 1658-இல் இதற்கெனத் தூத்துக்குடியில் பணியாற்றினார். அவரது முயற்சி பலிக்கவில்லை. மக்கள் போதகரின் வழிபாட்டிற்கு வரவில்லை. அவர்கள் நகர எல்லைக்கு அப்பால், உள்நாட்டு ஆட்சியாளரின் நிலத்தில் தங்கியிருந்த தம் குருக்களிடமே சென்று திருப்பலி கண்டனர்.

இலங்கையில் அதே கும்பனி கடுமையான வழியைப் பின்பற்றியது. அங்குக் கத்தோலிக்கக் குருக்களுக்குப் புகலிடம் அளிப்பது பெருங்குற்றமாக்கப்பட்டது. கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாசு அடிகளார் 1687-இல் தூத்துக்குடியிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் நிலைமை வேறாக இருந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது, ஆட்சியுரிமையின் எல்லை. இலங்கையின் கரையோரத்தில் கும்பனி நிலத்தை ஆண்டது. தூத்துக்குடியில் அதன் அதிகாரம் துறைமுகத்தையும் வணிகத்தையும் சுற்றியே இருந்தது. நிலம் மதுரை நாயக்கர்களுக்கும் அவர்களுக்கு அடங்கிய பாளையக்காரர்களுக்கும் உரியதாக இருந்தது. ஊரை விட்டுச் சில கல் தொலைவு நடந்தால் கும்பனியின் ஆணை செல்லாது.

இரண்டாவது, தொழிலின் தேவை. முத்துச் சலாபத்தில் கும்பனிக்குப் பங்கு இருந்தது. சங்கு வங்காளத்திற்கு ஏற்றுமதியானது. அனைத்திற்கும் மேலாக, இக்கரையின் துணி வணிகம் பெரும் வருவாய் தந்தது. குளிப்பவரும் தோணி ஓட்டுபவரும் சரக்கேற்றுபவரும் பரதவரே. சாதித்தலைவரின் ஒத்துழைப்பு இல்லாமல் எதுவும் நடைபெறாது. எனவே கும்பனி அவரது தலைமையை ஏற்று, அவருக்கு மதிப்பும் செய்தது. சமய மாற்றத்தை வற்புறுத்தினால் மக்கள் மீண்டும் இடம் பெயரக்கூடும் என்னும் அச்சம், காலப்போக்கில் கத்தோலிக்க வழிபாட்டைக் கண்டும் காணாமலும் விடும் நிலைக்குக் கும்பனியைக் கொண்டுவந்தது.

விஜிலியுசு மான்சியும் புதிய ஆலயமும்

இவ்வாறு தளர்ந்த கட்டுப்பாட்டின் காலத்தில்தான் விஜிலியுசு மான்சி அடிகளார் தூத்துக்குடியின் பங்குத்தந்தையாகப் பணியாற்றினார். பழைய கோவிலைத் திரும்பப் பெறுவது இயலாத நிலையில், மாதா சுரூபத்திற்குத் தகுந்த புதிய இல்லம் அமைப்பதே பங்கின் முதன்மைத் தேவையாக இருந்தது.

இக்கட்டுமானத்திற்குத் தூண்டுதலாக அமைந்த நிகழ்வு என ஆலய மரபு ஒன்றைக் கூறுகிறது. ஒரு நாள் இரவு பெருமழையின்போது கோவிலில் இடி விழுந்தது. மான்சி அடிகளாரும் மாதா சுரூபமும் தீங்கின்றித் தப்பினர். அதற்கு நன்றியாக அவர் புதிய ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். இடி விழுந்த ஏப்ரல் மாத நாளை நினைவுகூரும் வகையிலேயே அடிக்கல் நாட்டு விழாவும் ஏப்ரல் மாதத்தில் அமைந்தது என்பர்.

அடிக்கல் நாட்டிய 1712 ஏப்ரல் 4 முதல் நேர்ந்தளிப்பு நடந்த 1713 ஆகஸ்ட் 5 வரை ஏறத்தாழ 16 மாதங்களே கடந்திருந்தன. அக்காலத்தில் பெரிய கோவில்கள் பல ஆண்டுகள், சில வேளை தலைமுறைகள் கடந்தும் கட்டப்பட்டன. கோவா போன்று ஆட்சியாளரின் செல்வம் பின்புலமாக அமைந்த நகரமும் தூத்துக்குடி அன்று. போர்த்துக்கேய அரசின் உதவியும் ஒல்லாந்தர் கைவசமிருந்த துறைமுகத்திற்கு நேரடியாக வந்து சேர வழியில்லை. ஆகவே பரதவரின் உழைப்பும் காணிக்கையுமே இவ்விரைவுக்கு அடிப்படையாக இருந்தன எனக் கருதலாம். நேர்ந்தளிப்பிற்கு ஆகஸ்ட் 5 தேர்ந்தெடுக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. உரோமையின் பனிமய அன்னை திருநாளும், 1582-இன் கோவில் நேர்ந்தளிக்கப்பட்ட நாளும் அதுவே. இழந்த கோவிலின் தொடர்ச்சியே இப்புதிய கோவில் என்பதை அந்நாள் உணர்த்தியது.

ஒல்லாந்தர் தமக்கெனத் தூத்துக்குடியில் கட்டிய, இன்றும் நிலைத்துள்ள தேவாலயம் 1750-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது, துறைமுகத்தை ஆண்டவர்களின் அந்தக் கோவிலுக்கு 37 ஆண்டுகள் முன்பே, அவர்களுக்கு அடங்கியிருந்த மக்களின் கோவில் நிறைவு பெற்றுவிட்டது. பின்னர் ஒல்லாந்தர் தேவாலயம் ஆங்கிலத் திருச்சபையினரின் பயன்பாட்டிற்கு வந்தது.

மான்சியும் வீரமாமுனிவரும்

மான்சி அடிகளார் ஆலயம் எழுப்பிய அதே ஆண்டுகளில், அவரது சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் (கான்சுதாந்தீனோ சோசப்பே பெசுக்கி, 1680–1747) தமிழகத்திற்கு வந்து மதுரை மறைப்பணித்தளத்தில் தம் பணியைத் தொடங்கினார். அவர் முதலில் பணியாற்றிய இடங்களுள் ஒன்றான காமநாயக்கன்பட்டி இன்று தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ளது. கோணான்குப்பம், ஏலாக்குறிச்சி ஆகிய ஊர்களில் அவர் கோவில்கள் எழுப்பினார்.

இருவரும் ஒரே சபையினர் எனினும் அவர்கள் பின்பற்றிய வழிகள் வேறு. உள்நாட்டுப் பணித்தளத்தில் இராபர்த்து தெ நொபிலி 1606 முதல் வகுத்த நெறி நிலவியது. குருக்கள் தமிழ்த் துறவியர் போல உடுத்தினர். கிறித்தவம் "பரங்கியர் சமயம்" என்னும் எண்ணத்தைப் போக்குவதே அந்நெறியின் நோக்கம். வீரமாமுனிவரின் கோவில்களில் மரியன்னை தமிழ்ப் பெண்ணின் உடையில் காட்சி தருவதும் இதன் தொடர்ச்சியே.

கடற்கரையிலோ பரதவர் 1530-களிலிருந்தே போர்த்துக்கேயப் பெயர்களை ஏற்றிருந்தனர். பெர்னாண்டோ, ரோச், வாஸ், கோமஸ், மச்சாடோ, மிராண்டா முதலிய குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கு வழங்குகின்றன. மேலை நாட்டுப் பாங்கிலான கோவில் அவர்களுக்கு அயலானதன்று. அது தம் முன்னோர் செய்துகொண்ட உடன்பாட்டின் அடையாளம். போர்த்துக்கேயர் தோற்றுச் சென்ற பின்னும், அவர்கள் காலப் பாங்கிலேயே கோவிலை எழுப்பியது, புதிய ஆட்சியாளரின் சமயத்தை ஏற்காமையை வெளிப்படையாக அறிவிப்பதற்கு நிகராக இருந்தது.

கட்டடக்கலை

இவ்வாலயம் போர்த்துக்கேயக் கடல் வழிகளின் ஊடாக ஆசியாவில் பரவிய பரோக்குப் பாணி மரபைச் சார்ந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமையில் கட்டப்பட்ட இயேசு சபையின் தாய்க் கோவில் இம்மரபின் முன்மாதிரியாகும். தூண் வரிசைகளால் பிரிக்கப்படாத அகன்ற நடுக்கூடம், எல்லோர் கண்ணிலும் படும் உயர்ந்த பீடம், தட்டுத் தட்டாக உயர்ந்து முக்கோண முடியில் முடியும் முகப்பு ஆகியன அதன் பொது இயல்புகள். மறையுரை எல்லோருக்கும் கேட்கவும், திருப்பலி எல்லோருக்கும் தெரியவும் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம். கோவாவில் 1594 முதல் 1605 வரை கட்டப்பட்ட போம் செசுசுப் பேராலயம் இந்தியாவில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும்.

இப்பாணி சிற்றூர்களையும் மீனவர் துறைகளையும் அடைந்தபோது எளிமை பெற்றது. பளிங்கும் செதுக்கிய கல்லும் கிடைக்காத இடங்களில், சுண்ணச் சாந்தால் வடித்த அணிவேலைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. மன்னார் வளைகுடாக் கரையின் பழைய கட்டடங்களில் கடலிலிருந்து எடுக்கப்பட்ட பவளப் பாறைக் கற்களும், சிப்பிகளைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பும், பனை மரச் சட்டங்களும் பரவலாகப் பயன்பட்டன. வெண்ணிறச் சுண்ணாம்பு பூசிய உயர்ந்த முகப்புகள் கடலிலிருந்து கரை திரும்பும் தோணிகளுக்குத் தொலைவிலிருந்தே அடையாளமாகவும் விளங்கின. மணப்பாடு முதலிய ஊர்களின் கடற்கரைக் கோவில்களிலும் இதனைக் காணலாம்.

மூன்று நூற்றாண்டுகளில் ஆலயம் பலமுறை செப்பனிடப்பட்டுள்ளது. உப்புக் காற்றால் சுண்ணச் சாந்து தொடர்ந்து அரிக்கப்படுவதால் கடற்கரைக் கோவில்களுக்கு இத்தகைய பராமரிப்பு இன்றியமையாதது.

தங்கத் தேர்

மாதா சுரூபத்தை வைத்து இழுக்கும் தங்கத் தேர் இத்திருத்தலத்தின் சிறப்புகளுள் முதன்மையானது. சாதித்தலைவராக இருந்த டான் கபிரியேல் டி குரூஸ் வாஸ் கோமஸ் இதனைச் செய்வித்தார். 1806 பிப்ரவரி 2 அன்று இது முதன்முறையாக இழுக்கப்பட்டது. செபமாலையின் 53 மணிகளைக் குறிக்கும் வகையில் இதன் உயரம் 53 அடி என்பர்.

தமிழகக் கோவில்களின் தேர் மரபைக் கத்தோலிக்க வழிபாட்டிற்கு ஏற்றுக்கொண்டதற்கு இத்தேர் சிறந்த சான்றாகும். முகப்பு மேலை நாட்டுப் பாணியில் உள்ள கோவிலிலிருந்து, மக்கள் வடம் பிடித்து இழுக்கும் தேர் வீதிகளில் உலா வருகிறது. இத்தேர் சாதித்தலைவரின் பதவிச் சிறப்பையும் வெளிப்படுத்தியது. அரசர் கோவில் தேரோட்டத்தில் பெறும் மரியாதைகளுக்கு ஒப்பானவற்றை அவர் மாதாவின் தேரோட்டத்தில் பெற்றார்.

தேர் ஆண்டுதோறும் இழுக்கப்படுவதில்லை. நூற்றாண்டு நிறைவு போன்ற சிறப்புக் காலங்களில் மட்டும் பொன் தகடு புதிதாகப் பொதிந்து இழுக்கப்படுகிறது. 1982-இல் பேராலய நிலை உயர்வின்போதும், யூபிலி ஆண்டான 2000-இலும், ஆலயத்தின் 300-ஆம் ஆண்டான 2013-இலும், 2023 ஆகஸ்ட் 5 அன்றும் தங்கத் தேரோட்டம் நடைபெற்றது. மற்ற ஆண்டுகளில் சுரூபம் சப்பரத்தில் பவனியாக எடுத்துச் செல்லப்படுகிறது.

ஆட்சி மாற்றங்களும் திருச்சபை நிருவாகமும்

தூத்துக்குடி 1825-இல் இறுதியாக ஆங்கிலேயர் வசமானது. இதற்கு முன்னரே, 1773-இல் இயேசு சபை உலகளவில் கலைக்கப்பட்டிருந்தது. அதனால் கடற்கரைப் பங்குகள் கோவாவிலிருந்து வந்த குருக்களின் பொறுப்பில் விடப்பட்டன. மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள் 1838 முதல் மதுரைப் பணித்தளத்திற்கு வரத் தொடங்கினர். இதன் விளைவாகப் போர்த்துக்கேய அரசின் ஞானாதரவு உரிமையைச் சார்ந்த குருக்களுக்கும், உரோமையால் நேரடியாக அனுப்பப்பட்ட குருக்களுக்கும் இடையே நீண்ட பூசல் தோன்றியது. கடற்கரை ஊர்களின் மக்களும் இதில் இரு பிரிவினராயினர்.

இதே காலத்தில் சாதித்தலைவரின் பழைய அதிகாரத்திற்கும், வணிகத்தால் செல்வம் பெற்ற புதிய குடும்பங்களுக்கும் இடையே போட்டி வளர்ந்தது. மேசைக்காரர் எனப்பட்ட வசதி படைத்தோருக்கும், கமாரக்காரர் எனப்பட்ட கடல் தொழிலாளருக்கும் இடையிலான வேறுபாடும் வெளிப்பட்டது. கோவிலில் யாருக்கு எவ்வகை மரியாதை என்பது இப்பூசல்கள் அனைத்திலும் முக்கிய இடம் பெற்றது. ஆட்சியாளருக்கு எதிராக மக்களை ஒன்றுசேர்த்த அதே கோவில், அவர்களுக்குள் எழுந்த வேறுபாடுகளுக்கும் களமாயிற்று.

1923 சூன் 12 அன்று தூத்துக்குடி மறைமாவட்டம் நிறுவப்பட்டது. பரதவ சமூகத்தைச் சேர்ந்த பிரான்சிசு திபூர்சியுசு ரோச் அடிகளார் அதன் முதல் ஆயரானார். இக்காலத்து இந்தியாவில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர் அவரே. 1928-இல் திருப்பீடத்திற்கும் போர்த்துக்கலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின்னர், அதுவரை மயிலாப்பூர் மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்த ஞானாதரவுப் பங்குகளும் தூத்துக்குடி ஆயரின் கீழ் வந்தன.

பேராலயம் என்னும் சொல் இரு பொருளில் வழங்குவதால் குழப்பம் நேர்வதுண்டு. பனிமய மாதா கோவில் திருத்தந்தையால் சிறப்பு மதிப்பளிக்கப்பட்ட பசிலிக்கா ஆகும். ஆயரின் இருக்கை அமைந்துள்ள மறைமாவட்டத் தலைமைக் கோவில் அதே நகரிலுள்ள திரு இருதய ஆலயமாகும்.

ஆண்டுப் பெருவிழா

பனிமய மாதா பெருவிழா ஆண்டுதோறும் சூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை 11 நாட்கள் நடைபெறுகிறது. மரியன்னையின் பெற்றோரான சுவக்கீன், அன்னா ஆகியோரின் திருநாளான சூலை 26 அன்று கொடியேற்றம் நிகழும். நாள்தோறும் திருப்பலி, செபமாலை, மறையுரை ஆகியனவும், ஒரு நாளில் நற்கருணைப் பவனியும் இடம்பெறும். ஆகஸ்ட் 4 மாலையில் சிறப்பு ஆராதனையும், ஆகஸ்ட் 5 காலையில் பெருவிழாத் திருப்பலியும், அன்றிரவு மாதாவின் சப்பரப் பவனியும் நடைபெறும்.

வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் தூத்துக்குடி மக்கள் இவ்விழாவிற்காக ஊர் திரும்புவது வழக்கம். இந்துக்கள், முசுலிம்கள் உள்ளிட்ட பிற சமயத்தாரும் திரளாகக் கலந்துகொள்கின்றனர். ஆகஸ்ட் 5 அன்று மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை அளிக்கப்படுவதுண்டு. தூத்துக்குடி நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டதும் 2008-ஆம் ஆண்டின் இதே நாளில்தான்.

தற்கால நிலை

ஆலயம் கட்டப்படுவதற்கு மறைமுகக் காரணமாக இருந்த முத்துக்குளிப்பு இன்று இல்லை. அரசின் மேற்பார்வையில் 1955 முதல் 1961 வரை நடைபெற்றவையே இக்கரையின் இறுதிச் சலாபங்கள். சிப்பிப் பார்கள் நலிந்ததால் அதன் பின்னர் சலாபம் நடத்தப்படவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து ஆய்வை மேற்கொண்டது. 1974-இல் தூத்துக்குடி இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் பரதவர் அடைக்கலம் புகுந்த முயல்தீவு இன்று துறைமுகப் பகுதியின் ஓர் அங்கமாக உள்ளது.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூன்று கடல் வல்லரசுகளும் தூத்துக்குடியை விட்டு நீங்கிய பின்னரும், மான்சி அடிகளார் 16 மாதங்களில் கட்டி முடித்த ஆலயம் வழிபாட்டில் தொடர்கிறது. கடலில் இறங்கும் முன் மீனவரும், தேர்வுக்கு முன் மாணவரும், பயணத்திற்கு முன் குடும்பத்தினரும் வந்து செல்லும் இடமாக அது உள்ளது.